கூட்டத்துக்கு வந்த எழுபத்தொரு துப்பாக்கிகள்

1. துப்பாக்கி மிஸ்

துப்பாக்கிப் பிரிவில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் கேட்பவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். நான் ஐந்தடிக்கும் குறைவு. தடித்த கண்ணாடி வேறு. வாழ்நாளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனாலும் இலங்கை மலைநாட்டில் பலாங்கொடைக்கு மேலே உள்ள ஒரு பிரதேச செயலகத்தில் இருபத்தாறு வருடம், அந்தப் பகுதியில் லைசன்ஸ் உள்ள துப்பாக்கிகள் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போயின. பஸ்ஸில் ஏறினால், துப்பாக்கி மிஸ்ஸுக்கு இடம் கொடுங்கள் என்று யாராவது எழுந்து நிற்பார்கள். என் மாமியார் வீட்டில் என்னிடம் யாரும் குரலை உயர்த்தாததற்கும் இந்தப் பெயர்தான் காரணம் என்று என் கணவர் சொல்வார்.

பிரிவுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம்மிடம் வரும் துப்பாக்கிக்காரர்கள் சண்டியர்கள் இல்லை. பன்றியோடும் முள்ளம்பன்றியோடும் குரங்கோடும் மல்லுக்கட்டித் தோற்றுக்கொண்டிருப்பவர்கள். அவர்களுடைய லைசன்ஸில் 'பயிர்ப் பாதுகாப்பு' என்று இருக்கும். வருடக் கடைசியில் ஒவ்வொருவரும் துப்பாக்கியையும் லைசன்ஸையும் கொண்டுவந்து காட்டவேண்டும். நான் இலக்கத்தைச் சரிபார்ப்பேன். பதிவேட்டில் 'நல்ல நிலை' என்ற இடத்தில் ஒரு சரி போடுவேன். பிரதேச செயலாளர் கையொப்பம் வைப்பார். அவ்வளவுதான்.

அந்த மாதம் முழுவதும் எங்கள் படிக்கட்டைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். யூரியா சாக்கில் சுற்றிய துப்பாக்கி, பழைய சேலையில் சுற்றிய துப்பாக்கி, குடை உறைக்குள் பாதியும் வெளியே பாதியுமாக ஒரு துப்பாக்கி. எல்லாம் பஸ்ஸில்தான் வரும். கண்டக்டர் அவற்றைப் பக்குவமாக வாங்கி மேல் தட்டில் வாழைக்குலைக்குப் பக்கத்தில் வைப்பார். யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

2. வரைவு

நான் ஓய்வுபெறுவதற்கு முந்திய வருடம் துப்பாக்கிச் சட்டத்தைத் திருத்தப் போவதாகக் கொழும்பிலிருந்து ஒரு வரைவு வந்தது. மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கிகள் எல்லாம் பொலிஸ் நிலையத்தில் இருக்கும். தேவைப்படும்போது கையொப்பமிட்டு எடுக்கலாம். இரண்டு, வருடா வருடம் மருத்துவச் சான்றிதழ். மூன்று, எந்தக் காணியைப் பாதுகாக்க லைசன்ஸ் கேட்கிறாரோ, அந்தக் காணியின் உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரில் இருக்கவேண்டும்.

வரைவு விளம்பரப் பலகையில் ஏறிய மறுநாளே என் மேசை சந்தையாகிவிட்டது. எல்லாருக்கும் பொலிஸ் நிலையம்தான் பெரிய பிரச்சினை. சண்டை பிடிப்பதில் முதல் ஆள் ஹனீபா நானா. முஸ்லிம்கள் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். மேலே மூன்று ஏக்கரில் மிளகும் கராம்பும் உண்டு. அவருடைய காணியிலிருந்து பொலிஸ் நிலையத்துக்கு இரண்டு பஸ் மாறவேண்டும்.

"தங்கச்சி, பண்டி வந்தா நான் என்ன சொல்றது? கொஞ்சம் இரு, பொலிசுக்குப் போய் சைன் வச்சிட்டு வாறன்னா?"

மருத்துவச் சான்றிதழைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள் கண்ணில் புரை விழுந்தவர்கள் மட்டும்தான். அவர்களும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

மூன்றாவது விஷயத்தைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர், மருதமுத்து. மேலேயுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். வயது அறுபதை நெருங்கும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குக் கீழே அரை ஏக்கரில் போஞ்சியும் மரவள்ளியும் போடுகிறார். தோட்டத்துத் துரை ஒருவர் எப்போதோ கொடுத்த கடிதத்தை வைத்து அவருடைய அப்பாவுக்கு லைசன்ஸ் கிடைத்தது. பிறகு அது இவர் பெயருக்கு மாறியது. தோட்டங்களில் காணி உறுதி உள்ளவரை வலை போட்டுத்தான் தேடவேண்டும். புதிய சட்டம் அப்படியே வந்தால் அந்தக் கடிதம் செல்லாது. மருதமுத்துவின் லைசன்ஸ் போய்விடும்.

மற்றவர்கள் எல்லாரும் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு வந்து, உறுதி இல்லாதவர்கள் என்ன செய்வது என்று கேட்டார். இது வெறும் வரைவு, கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து கூட்டம் வைத்து எல்லாருடைய கருத்தையும் கேட்பார், அங்கே சொல்லுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுப் போனார். பாவம், பன்றிக்குப் பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

3. அழைப்புக் கடிதம்

அந்தக் கூட்டத்துக்கு அழைப்புக் கடிதம் தயாரிக்கும் வேலை என்னுடையது. சிங்களம், தமிழ் இரண்டு மொழியிலும் எழுதவேண்டும். அன்று வேலை தலைக்கு மேல் இருந்தது. கம்ப்யூட்டரில் போன வருடத்துப் புதுப்பித்தல் கடிதத்தைத் திறந்தேன். தலைப்பை மாற்றினேன், திகதியை மாற்றினேன், நடுப் பந்தியை மாற்றினேன். கடைசி வரியை விட்டுவிட்டேன்.

'உமது துப்பாக்கியையும் அனுமதிப்பத்திரத்தையும் தவறாது கொண்டுவரவும்.'

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டிக்கொண்டது அப்படித்தான்.

கூட்டத்தன்று காலையில் நான் மேல்மாடி மண்டபத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தேன். முதலில் ஹனீபா நானா வந்தார், தோளில் இரட்டைக்குழல். காணிக்குப் போகும் வழியில் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். பிறகு இரண்டு பேர் சாக்கோடு வந்தார்கள். பிறகு ஒரு பஸ் வந்து நின்றது. சாக்கு, சேலை, குடை உறை என்று ஒவ்வொன்றாகப் படியேறின. ஹனீபா நானாவைப் பிடித்து, எதற்கு நானா இதெல்லாம் என்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நீங்கதானே தங்கச்சி கேட்டு எழுதியீக்கிங்க."

எழுபத்தொரு பேர். எழுபத்தொரு துப்பாக்கிகள். துப்பாக்கிகளைக் கட்டுப்படுத்துவது பற்றிப் பேசுவதற்குக் கொழும்பிலிருந்து வந்த அதிகாரி கதவைத் திறந்தபோது கண்டது இதைத்தான். எங்கள் மக்கள் மரியாதை தெரிந்தவர்கள். அவரைக் கண்டதும் எல்லாரும் துப்பாக்கியோடு எழுந்து நின்றார்கள்.

அவர் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்தபடி நின்றார். கூடவந்த பொலிஸ்காரரின் கை இடுப்புக்குப் போனது. மெடம், அதாவது எங்கள் பிரதேச செயலாளர், என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை. நான் ஓடிப்போய்ச் சிங்களத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். கடிதம் என்னுடையது, பிழை என்னுடையது, இவர்கள் வரச் சொன்ன மாதிரி வந்தவர்கள் என்றேன். அவர் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். அப்புறம் சிரித்தார். பல ஊர்களில் எதிர்ப்புக் கூட்டங்களைப் பார்த்திருக்கிறேன், ஒழுங்காக அழைப்பு அனுப்பி ஆயுதத்தோடு கூப்பிட்ட அலுவலகம் இது ஒன்றுதான் என்று மெடத்திடம் சொன்னார். மெடம் சிரிக்கவில்லை.

அத்தோடு விட்டிருந்தால் நான் தப்பியிருப்பேன். மனுஷன் விடவில்லை. வந்ததுதான் வந்தது, எல்லாத் துப்பாக்கியையும் பின்னால் உள்ள மேசைகளில் வையுங்கள், பரிசோதித்துவிடலாம் என்றார். பொலிஸ்காரர் ஒவ்வொன்றையும் மடித்துத் திறந்து பார்த்தார். ஒரு குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. ஒன்றில் விசைக் குதிரையே இல்லை. பத்தொன்பது துப்பாக்கிகள் சுடாது என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரி என் பதிவேட்டைப் புரட்டினார். எழுபத்தொன்றுக்கும் 'நல்ல நிலை', வருடா வருடம், என்னுடைய அழகான சரிகள். நான் இலக்கத்தைப் பார்த்தேனே தவிர ஒன்றையும் திறந்து பார்த்ததில்லை.

4. ஒரு வரியை விழுங்குவதா

கூட்டம் என்னவோ நன்றாகவே நடந்தது. சிரித்த வாயோடு தொடங்கியதால் யாரும் சண்டை பிடிக்கவில்லை. ஹனீபா நானாவின் பன்றிக் கதையை நான் மொழிபெயர்த்ததும் அதிகாரி குறித்துக்கொண்டார். பொலிஸ் நிலைய யோசனை மலைப் பக்கத்துக்குச் சரிவராது என்று தாமே அறிக்கையில் எழுதுவதாகச் சொன்னார். மண்டபம் குளிர்ந்துவிட்டது.

மூன்றாவது விஷயத்துக்கு வந்தபோது, காணியைக் காக்கிறேன் என்பவர் காணி உறுதியைக் காட்டுவது நியாயம்தானே என்றார். உறுதி உள்ளவர்கள் தலையாட்டினார்கள். ஹனீபா நானாவும் ஆட்டினார். கடைசி வரிசையில் மருதமுத்து எழுந்தார். பஜாரில் பழகிய நல்ல சிங்களத்தில்தான் தொடங்கினார். இரண்டு வசனம் பேசிவிட்டு நிறுத்தினார். என் பக்கம் திரும்பினார்.

"மிஸ், இத நான் தமிழ்லயே சொல்லிர்றேன். நீங்க விடாம சொல்லுங்க. என் துவக்குல தோட்டாவ அடிக்கிற பின் ஒடஞ்சு ஒம்பது வருசமாச்சு. பன்னி வந்தா வெடி கொளுத்தித்தான் போடுறேன். துவக்கு எனக்கு வேணாங்க. ஆனா எங்க அப்பா காலத்துலருந்து அந்தக் காணியில நாங்கதான் பாடுபடுறோம். தோட்டத்துல கேட்டா அது தோட்டத்துக் காணிங்கறாங்க. அரசாங்கக் கச்சேரியில கேட்டா உறுதி எங்கங்கறாங்க. அரசாங்கம் குடுத்த பேப்பர்ல எம்பேரும் அந்தக் காணியும் ஒண்ணா இருக்கறது இந்த லைசன்ஸ்ல மட்டுந்தாங்க. அதுக்குத்தான் வருசா வருசம் ஒடஞ்ச துவக்கத் தூக்கிக்கிட்டு வர்றேன்."

அதிகாரி என்னைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. பின் உடைந்த கதையை விழுங்கிவிட்டால் அவரும் தப்பலாம், நானும் தப்பலாம். பத்தொன்பதில் எது யாருடையது என்று பொலிஸ்காரர் இன்னும் பெயர் எழுதவில்லை. ஒன்பது வருடச் சரிகள் என் கையால் போட்டவை. ஆனால் மருதமுத்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சிங்களம் தெரியும். நான் எதை விட்டாலும் தெரிந்துவிடும். எல்லாவற்றையும் சொன்னேன். பின் உடைந்ததையும், ஒன்பது வருடத்தையும், அந்தச் சரிகளைப் போட்டது நான் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அதிகாரி அந்த லைசன்ஸைக் கேட்டு வாங்கினார். மருதமுத்துவின் பெயர். அதன் கீழே 'பாதுகாக்கப்படும் காணி: கீழ் டிவிஷன், அரை ஏக்கர்.' அதை வெகுநேரம் பார்த்தார். இந்த மாதிரி இன்னும் எத்தனை பேர் என்றார். பின்வரிசையில் தோட்டத்து ஆட்கள் பதினொரு பேர் கையைத் தூக்கினார்கள்.

இதை அறிக்கையில் எழுதுவேன், ஆனால் முடிவு என் கையில் இல்லை என்றார். இன்னொன்றும் சொன்னார். சுடாத துப்பாக்கிக்கு லைசன்ஸ் இல்லை, அது வரப்போகும் சட்டம் இல்லை, இப்போதுள்ள சட்டம். திருத்த வேண்டும் அல்லது ஒப்படைக்க வேண்டும்.

5. எல்லைகள்

என்னிடம் விளக்கக் கடிதம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்தேன். எச்சரிக்கையோடு போயிற்று.

அடுத்த வாரம் மருதமுத்து வந்தார். துப்பாக்கியை ஒரு தகர வேலைக்காரரிடம் காட்டியிருக்கிறார். அந்தப் பழைய மாதிரிக்கு ஏற்ற 'பின்' இப்போது கிடைக்காது என்றாராம். துப்பாக்கியை மேசையில் வைத்தார். பிறகு பிளாஸ்டிக் உறையிலிருந்து லைசன்ஸை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்து என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துப்பாக்கியை வாங்கும்போது வராத அழுகை.

ஒப்படைக்கும் துப்பாக்கிக்கு நாங்கள் ஒரு பற்றுச்சீட்டு கொடுப்போம். அதில் 'விபரம்' என்று ஒற்றைக் கோடு இருக்கும். துப்பாக்கி இலக்கத்தை எழுதுவோம். இலக்கத்துக்கு மேல் வேறு எதையும் எழுதக்கூடாது என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, உங்கள் காணிக்கு நாலு எல்லையும் சொல்லுங்கள் என்றேன்.

அவர் யோசிக்கவேயில்லை.

"வடக்க ஓடைங்க. கிழக்க நாலாம் நம்பர் தேயிலை மலை. தெக்க எங்க லயத்துக்குப் பின்னால போற பாதை. மேக்க காடு, பன்னி வர்ற பக்கம்."

கோடு போதவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதினேன், சிங்களத்திலும் தமிழிலும். இந்த நான்கு எல்லைக்குள் தந்தை காலம் முதல் பயிர் செய்துவரும் இன்னார், அந்தப் பயிரைப் பாதுகாக்க வைத்திருந்த துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டது என்று எழுதினேன். பன்றி வரும் பக்கத்தையும் விடவில்லை. மெடம் முன்பக்கம் படித்தார், பின்பக்கம் படித்தார், இது என்ன பற்றுச்சீட்டா உறுதியா என்று கேட்டார். ஒப்படைத்த துப்பாக்கி எதைக் காத்தது என்ற விபரம், மெடம் என்றேன். கொஞ்சநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு கையொப்பமிட்டு, சீலை எடுத்து நன்றாக அழுத்தினார்.

வெளியே வந்து மருதமுத்துவிடம் மறைக்காமல் சொன்னேன். இது உறுதி ஆகாது, கோர்ட்டில் நிற்குமோ நிற்காதோ என்றேன்.

"தெரியுங்க மிஸ். ஆனா இத வருசா வருசம் புதுப்பிக்க வேண்டியதில்லீங்களே."

இதை எழுதும்வரை அந்தச் சட்டமூலம் நிறைவேறவில்லை. திருத்திய வரைவில் 'உறுதி' என்பதற்குப் பக்கத்தில் 'அல்லது நீண்டகாலம் பயிர் செய்துவருவதற்கான எழுத்துமூலச் சான்று' என்று ஒரு வரி சேர்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். யார் சேர்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி ஹனீபா நானா ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

என் கதிரையில் இப்போது இருக்கும் பிள்ளைக்கு நான் சொன்னது இரண்டே விஷயம். சரி போடுமுன் துப்பாக்கியைத் திறந்து பார். வந்தவரிடம் அவர் எதைக் காக்கிறார் என்று கேள். நான் இருபத்தாறு வருடமாக இலக்கத்தைத்தான் கேட்டேன். மற்றதை ஒரே ஒரு தடவை, அதுவும் கடைசியில் கேட்டேன். அவர் சொல்வதற்குக் கோடு போதாவிட்டால் தாளைத் திருப்பு. பின்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தான் இருக்கிறது.