பூஜையில் வைக்காத ரிமோட்

நீங்கள் என் அக்காவைப் பற்றிப் பொய் சொன்னீர்கள். கடை நிறைய ஆள் நிற்கும்போது, டிவி பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "ரிமோட்டு நல்லாத்தாம்மா இருக்குது, உங்க அக்காவுக்குத்தான் புத்தி கலங்கிப் போச்சு" என்றீர்கள். மிக்சி வாங்க வந்த ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஐயோ பாவம் என்று பார்த்தாள். அந்தப் பார்வைக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் பெயரையோ கடையின் பெயரையோ எழுதப் போவதில்லை. படித்தால் உங்களுக்குப் புரியும். படிக்கிற மற்றவர்களுக்குத்தான் விஷயத்தை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அக்காவுக்குப் பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு கொஞ்ச நாளில் திரும்பி வந்தது. புத்தி எங்கேயும் போகவே இல்லை. வலது கை மட்டும் வரவில்லை. அதற்கு முன் எங்கள் தறியில் என்னோடு கோர்வை போட்டவள் அவள்தான். கோர்வை என்றால் உடம்பு ஒரு நிறம், கரை இன்னொரு நிறம். இரண்டு பேர் உட்கார்ந்து சேர்த்து நெய்ய வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நிற்கும். இப்போது அவள் இடத்தில் என் வீட்டுக்காரர் உட்காருகிறார். அவள் உள்ளறை வாசற்படிக்குப் பின்னால் நாற்காலியில் உட்காருகிறாள்.

பிள்ளையார்பாளையத்து நெசவுக்காரர் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கூடம் முழுக்கத் தறி. தறிக்கு அந்தப் பக்கம் சுவரில் உயரமாக டிவி. தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூலுக்கு மேலே படம் அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் டிவிக்குக் கீழே அலமாரியில் இருக்கிற பெட்டிகள் தெரியாது. தறியின் காலும், மேலே ஜக்கார்டு பெட்டியிலிருந்து தொங்கும் நூலும் மறைக்கும்.

ரிமோட் நான்கு இருந்தன. டிவிக்கு ஒன்று, கேபிள் பெட்டிக்கு ஒன்று, ஸ்பீக்கருக்கு ஒன்று, இன்டர்நெட்டில் படம் காட்டும் பெட்டிக்கு ஒன்று. முதல் மூன்றும் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் வேலை செய்பவை. நேராகக் காட்ட வேண்டும், நடுவில் எதுவும் இருக்கக் கூடாது. நான்காவது ரேடியோவில் வேலை செய்வது, எங்கிருந்து அழுத்தினாலும் போகும். அது மட்டும் போய் என்ன பயன்? டிவியையே போட முடியாதவள் படப் பெட்டியைப் போட்டு என்ன செய்வாள்?

அதனால் அக்கா கூப்பிடுவாள். நான் தறிக் குழியிலிருந்து காலை எடுத்து, ஏறி, சுற்றிப் போய் மாற்றிவிட்டு வருவேன். அவர் குறுக்கு நூல் ஓட்டுகிற நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். ஆனால் நெய்கிறவன் சும்மா உட்கார்ந்திருப்பதே ஒரு வார்த்தைதான். அதை அக்காவுக்குத் தெரியாமல் மறைக்க முடியுமா? அதே தறியில் உட்கார்ந்தவள் அவள்.

கொஞ்ச நாளில் கூப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நானும் கவனிக்கவில்லை. ஒரு மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால் டிவியில் ஒருவன் கடாய் விற்றுக்கொண்டிருக்கிறான். காலையிலும் அவனேதான் விற்றான்.

"ஏங்க்கா, மாத்தச் சொல்லக் கூடாதா?"

"இருக்கட்டும்மா. நீங்க வேலையப் பாருங்க. கடாய் நல்லாத்தான் இருக்குது."

எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கே உங்கள் கடைக்கு வந்தேன். ஆடம்பரத்துக்கு வரவில்லை. என் அக்கா யாரையும் கெஞ்சாமல் தனக்கு வேண்டியதைப் பார்க்க வேண்டும் என்று வந்தேன்.

அன்றைக்கு நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. அதையும் எழுதுகிறேன். "ஒரே ரிமோட்டும்மா. இது ரேடியோவுல பேசும். செவுரு, தறி எதுவும் மறைக்காது. அலமாரில ஒரு குட்டிப் பெட்டி வெச்சிடுவேன். அது இதுகிட்ட வாங்கிக்கினு, வெளிச்சத்துல கேக்கறதுக்கு வெளிச்சத்துல சொல்லும், ரேடியோவுல கேக்கறதுக்கு ரேடியோவுல சொல்லும். உங்க அக்கா ராணி மாதிரி உக்காந்துக்கினு இருக்கலாம்." வாங்கினேன்.

நீங்களே வந்து மாட்டினீர்கள். ஊரில் உங்களுக்கு ஒரு பேர் உண்டு. உங்கள் அப்பா காலத்தில் அது சேலைக் கடை. விலை போகாத முந்தானைத் துண்டெல்லாம் உங்கள் வீட்டில் கிடக்கிறது. அதனால் எந்தச் சாமான் விற்றாலும் வீட்டுக்கு வந்து சந்தனம், குங்குமம் வைத்து, ஒரு சரிகைத் துண்டைப் போர்த்திவிட்டுப் போவீர்கள். எங்கள் வீட்டிலும் செய்தீர்கள். கனமான முந்தானை, நூல் தெரியாத அளவுக்குச் சரிகை. அந்தக் குட்டிப் பெட்டியையும் அதன் வயரையும் அதற்குள் சுருட்டி வைத்தீர்கள். "லட்சணமா இருக்கணும்மா" என்றீர்கள். பட்டு போர்த்தினால் இந்த ஊரில் யார் வேண்டாம் என்பார்கள்?

நீங்கள் வாசலைத் தாண்டியதும் ரிமோட் நின்றுவிட்டது.

கூப்பிட்டேன். வந்தீர்கள். முதல் வேலையாக அந்தத் துணியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக மடித்து ஓரம் வைத்தீர்கள். அழுத்தினீர்கள். டிவி வந்தது, ஸ்பீக்கர் வந்தது, படப் பெட்டி வந்தது. "பாத்தீங்களாம்மா?" மறுபடி துணியைப் போர்த்தினீர்கள். போய்விட்டீர்கள். அக்கா அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் வந்தீர்கள், மறுபடியும் இதே கூத்து. ஒவ்வொரு தடவையும் உங்கள் கையில் ஓடியது, அக்கா கையில் ஓடவில்லை. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"காலையில நீ தூசி தட்டறப்போ ஓடிச்சும்மா. நான் பாத்தேன்" என்று அக்கா என்னிடம் சொன்னாள். அதைத்தான் உங்கள் கடைக்கு வந்து அப்படியே சொன்னேன். அதற்குத்தான் புத்தி கலங்கிவிட்டது என்ற பதில்.

வீட்டுக்கு வந்து அக்காவிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. பழைய ரிமோட்டுகளை மறுபடி எடுத்தேன். புதியதை உள்ளே வைக்கட்டுமா என்று கேட்டேன். "மடியிலயே கெடக்கட்டும்" என்றாள். கடாய்க்காரன் திரும்பி வந்துவிட்டான்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. எங்களுக்குத் தறிதான் சாமி. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, மணை போட்டு நாடா, கத்தரி, பன்னை என்று தறிச் சாமான் எல்லாம் வைத்தோம். மணைமேல் விரிக்கப் பட்டு வேண்டும். அலமாரியில் இருந்த உங்கள் சரிகைத் துண்டை உருவி விரித்தேன். வீட்டில் ஓடுகிற சாமான் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பது எங்கள் வழக்கம். ரிமோட் நான்கையும் வரிசையாக வைத்தேன்.

"அக்கா கையில ஒண்ணு இருக்குதே?" என்றார் அவர்.

"அது ஓடுதா? ஓடாததுக்கு எதுக்குப் பொட்டு?"

அக்கா காதில் விழுந்தது.

அவர் கற்பூரத்தட்டைத் தறியைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நான் மணி அடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று டிவி வந்தது. ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வீடே அதிரக் கிளம்பியது. தொங்கும் நூலெல்லாம் நடுங்கியது. அவர் தட்டோடு திரும்பினார்.

"எவன்டா அது ரிமோட்டத் தொட்டது? பூஜையில வெச்சத நாளைக்கு வரைக்கும் தொடக் கூடாதுன்னு தெரியாது?"

உள்ளறையிலிருந்து அக்கா சொன்னாள். "பூஜையில வெச்சதெல்லாம் அங்கயேதான் இருக்குது தம்பி. இத நீங்க வெக்கல. நான் தொடலாம்."

இடது கையின் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினாள். பிறகு ஸ்பீக்கரைக் குறைத்தாள். கேபிளை விட்டுப் படப் பெட்டிக்குப் போனாள். மறுபடி கேபிளுக்கு வந்தாள். டிவியை அணைத்தாள், போட்டாள். நாற்காலியை விட்டு அசையவில்லை. கையை எந்தப் பக்கமும் நீட்டவும் இல்லை. மடியில் வைத்தபடியே அழுத்தினாள்.

அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் ரிமோட்டைத் தொட உரிமை உள்ள ஆள் அவள் ஒருத்திதான். மத்தியானம் அவர் போய் வாசற்படி அருகில் நின்றார்.

"அக்கா, கிரிக்கெட்டு கொஞ்சம் வெச்சா…"

"கேட்டுக்கினே நில்லுப்பா. எப்படி இருக்குதுன்னு தெரியட்டும்."

அவர் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. அடுப்படியில் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பூஜை சாமான்களை எடுத்துவிட்டு, உங்கள் துண்டைப் பழையபடி அலமாரியில் போர்த்தினேன். ரிமோட் நின்றது.

"துணிய எடும்மா" என்றாள் அக்கா. எடுத்தேன். ஓடியது. "போடு." போட்டேன். நின்றது. "இப்ப ஒரு குத்தாலத் துண்டு போடு." பருத்தித் துண்டைப் போர்த்தினேன். படப் பெட்டி மட்டும் ஓடியது, மற்றது எதுவும் ஓடவில்லை. அதற்கு மேல் என்ன வேண்டும்? எந்தத் துணியும் வெளிச்சத்தை மறைக்கும். ரேடியோவைப் பருத்தி மறைக்காது. சரிகை மறைக்கும், ஏனென்றால் சரிகை என்றால் வெள்ளி, உலோகத்தைத் தாண்டி ரேடியோ போகாது. எதுவும் மறைக்காது என்று விற்ற சாமானை நீங்களே வெள்ளியில் மூட்டை கட்டி வைத்துவிட்டுப் போனீர்கள்.

போன் செய்து சொன்னேன். "சரிம்மா, இப்ப ஓடுதுல்ல? விடுங்க" என்றீர்கள். விட மாட்டேன் என்றேன். "வீட்டுக்கு வந்து அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறேன்மா" என்றீர்கள். வேண்டாம். கடையில் கொட்டியதை வீட்டில் வந்து அள்ள முடியாது.

இப்போது அக்கா காலையில் ஒரு கோயில் சேனல், மத்தியானம் ஒரு படம், சாயங்காலம் சண்டை போடுகிற செய்திக்காரர்கள் என்று பார்க்கிறாள். எங்கள் தறி நிற்பதில்லை. சத்தம் அதிகம் என்று நான்தான் கத்துகிறேன். அவள் இன்னும் ஒரு கோடு ஏற்றுகிறாள்.

வருகிற சனிக்கிழமை சாயங்காலம், உங்கள் கடையில் ஆள் நிற்க இடமில்லாத நேரத்தில், அக்காவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். உங்கள் சரிகைத் துண்டையும் துவைத்து மடித்துக் கொண்டுவருகிறேன். நீங்கள் அன்றைக்கு நின்ற அதே இடத்தில் நில்லுங்கள். அன்றைக்குப் பேசிய அதே சத்தத்தில் பேசுங்கள். மிக்சி வாங்க வந்தவர், ஃபேன் வாங்க வந்தவர் எல்லோர் காதிலும் விழ வேண்டும். என் அக்கா உங்களை ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தப் பெட்டியைச் சரிகையில் சுற்றி வைத்தது யார்? பதில் சொல்லுங்கள்.