நான் படிக்காமல் விட்ட மூன்றாவது வரி

போன வருஷம் மாசி மாதம். உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து நானும் என் மனைவியும் காஞ்சிபுரத்தில் ஒரு மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போயிருந்தோம். கல்யாணமாகி மூன்று வருஷம் முடிந்திருந்தது. குழந்தை இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரி வரைக்கும் போன முதல் ஆள் நான்தான். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய் என்னைப் படிக்க வைத்தார். அதனால் தெருவுக்கே நான்தான் படித்துச் சொல்கிறவன். பேங்க் கடிதம், மருந்துச் சீட்டு, எது வந்தாலும் "தம்பி, இதுல இன்னா போட்டுக்குது பாரு" என்று கையில் கொடுத்துவிடுவார்கள். நான் சொன்னால் அதற்கு மறுபேச்சு கிடையாது. அந்த நம்பிக்கையை நான் எப்படிப் பயன்படுத்தினேன் என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

டாக்டர் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டார். நான் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். அரை மணி நேரம் கழித்து வந்தவள் ஒரு சீட்டை என்னிடம் நீட்டினாள். ஆங்கிலத்தில் மூன்று வரி. முதல் வரி அவளுக்கு ரத்தப் பரிசோதனை. இரண்டாவது, அவளுடைய கருக்குழாய்க்குள் மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. மூன்றாவது வரி, கணவருக்கு விந்துப் பரிசோதனை.

எனக்குச் சுருக்கென்றது. எனக்கு எதற்கு? பீடி, சிகரெட் கிடையாது. நெல் மூட்டையைத் தனியாளாகத் தூக்கித் தோளில் போடுகிறேன். திடகாத்திரமான ஆம்பளைக்கு இதில் கோளாறு வராது என்று மனதார நம்பினேன். நான் பி.எஸ்ஸி. படித்தவன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "இன்னா நைனா எழுதிக் குட்த்தாங்க?"

நான் சீட்டைப் பிரித்து இரண்டு வரியைப் படித்துச் சொன்னேன். அப்புறம் மடித்து, யாரும் தொடாத என் சர்டிபிகேட் ஃபைலுக்குள் வைத்துவிட்டேன்.

"அப்போ இவளுக்குத்தான் இன்னாவோ கீது" என்றார் அம்மா.

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். என் மனைவி சோறு வடிக்கப் போய்விட்டாள்.

அதிலிருந்து ஆரம்பித்தது. பப்பாளி தொடக்கூடாது, எள் கூடாது, வண்டியில் பின்னால் உட்காரக்கூடாது, உடம்புச் சூடு குறைய வாரம் இரண்டு நாள் எண்ணெய்க் குளியல். பக்கத்து வீட்டில் வளைகாப்பு என்றால், கர்ப்பிணிக்கு அடுத்தபடியாக இவளை உட்காரவைத்து வளையல் போடுவார்கள். ராசி ஒட்டிக்கொள்ளுமாம். "நான் இன்னா மாமா, இட்லி குண்டானா? ஆளாளுக்கு சூடு சூடுன்றாங்க" என்று சிரிப்பாள். நானும் கூடவே சிரித்தேன்.

அந்த எக்ஸ்ரே எடுத்த நாள் அவளால் சிரிக்க முடியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக் குனிந்தே இருந்தாள். பாலாற்றுப் பாலத்தில் பஸ் குலுங்கியபோது என் தொடையை இறுகப் பிடித்தாள். "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்றேன். வேறென்ன சொல்ல? எனக்கு எழுதிக் கொடுத்த பரிசோதனையில் ஊசிகூடக் கிடையாது.

ரிசல்ட் வந்தது. அவளுக்கு எல்லாமே சரியாக இருந்தது. அதையும் நான்தான் வீட்டில் படித்துச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, "உடம்பு நல்லா கீதுன்னா அப்போ சாமி குத்தம்தான். ஆடி வெள்ளிக்கு மண்சோறு சாப்புடட்டும்" என்றார். பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் அம்மன் கோயில் தரையில் சோற்றைப் போட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு வாயால் எடுத்துச் சாப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் வழக்கம்.

அவள் சரி என்றாள். ஃபைலைத் திறந்து அந்தச் சீட்டை எடுக்க அப்போதாவது எனக்கு மனம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

ஆடி மூன்றாம் வெள்ளி. ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். நான் அவளுடைய செருப்பையும் ஒரு துண்டையும் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவள் குனிந்தாள். மஞ்சள் புடவையின் முந்தானை நழுவி மண்ணில் புரண்டது. கை பின்னால் இருந்ததால் அவளால் அதை எடுக்க முடியவில்லை. கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டு நிமிர்ந்தபோது அவள் உதட்டிலும் முகவாயிலும் மண் ஒட்டியிருந்தது.

குழாயடிக்குக் கூட்டிப்போய்த் துண்டை நனைத்துத் துடைத்துவிட்டேன்.

"இன்னா மாமா அப்டி பாக்குற? பசிச்சுது, துன்னேன்" என்றாள்.

அதற்குமேல் என்னால் முடியவில்லை. "அந்தச் சீட்டுல எனக்கும் ஒரு டெஸ்ட் போட்டிருந்துது. நான் சொல்லல" என்றேன்.

அவள் குழாயை மூடினாள். "தெரியும்."

எனக்குப் புரியவில்லை.

"உள்ளயே டாக்டரம்மா சொன்னாங்க, ரெண்டு பேரையும் பாக்கணும்னு. நீயா சொல்லுவன்னு பாத்துக்கினே இருந்தேன்."

"அப்போ ஏன் நீ சொல்லல? மண்ணுல வேற..."

"ஊரே நீ படிக்கிறத நம்பிக்கினு கீது. பொய் சொன்னான்னு எப்டி மாமா நான் சொல்றது?" இப்போதுதான் அவள் கண் கலங்கியது. ஐந்து மாதமாக அவள் என்னைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறாள். நான் அவளைக் காட்டிக்கொடுத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அடுத்த வாரமே அந்தப் பரிசோதனைக்காகக் காஞ்சிபுரம் போனேன். ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும் என்று பயந்திருந்தேனே, அங்கே யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. லேபில் இருந்த பெண் டப்பாவைக் கொடுத்து, "பேரு, வயசு எழுதிக் குடுங்க" என்றார். அவ்வளவுதான். விந்தணு எண்ணிக்கை குறைவு, அசைவும் குறைவு என்று வந்தது. "மருந்து சாப்பிட்டுட்டு மூணு மாசம் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்" என்றார் டாக்டர். மூட்டை தூக்குகிற பலத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பார்த்தால் தெரியாது, பரிசோதித்தால்தான் தெரியும் என்றும் சொன்னார்.

அன்றைக்கு அம்மாவை உட்காரவைத்து, பழைய சீட்டையும் புது ரிப்போர்ட்டையும் ஒரு வரி விடாமல் படித்தேன்.

"என் புள்ளைக்கா? கடப்பாறை புடிச்சிக் கெணறு வெட்ன வம்சம்டா இது. தப்பாப் போட்டுட்டாங்க" என்றார்.

மறுபடியும் படித்தேன். அம்மா எழுந்துபோய், தட்டில் சோறு போட்டு மருமகள் கையில் கொடுத்தார்.

பத்து நாள் இருக்கும். காலையில் வேலைக்குக் கிளம்ப வண்டியை எடுத்துக்கொண்டிருந்தேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த என் அம்மாவிடம் ஒரு பெண் வழக்கம்போலக் கேட்டார்: "இன்னா, மருமவளுக்கு எதனா விசேஷம் உண்டா?"

அம்மா குடத்தை ணங்கென்று கீழே வைத்தார். "அவள இன்னாத்துக்குக் கேக்குற? என் மவனுக்குத்தான் மருந்து குட்த்துக்கினு கீறாங்க. இனிமே எதுன்னாலும் அவனக் கேளு."

எனக்கு அப்படியே வீட்டுக்குள் ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. திரும்பினால், வாசலில் தண்ணீர் பாட்டிலோடு என் மனைவி. சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். மூன்று வருஷமாக அவள் தலைமேல் இருந்தது இறங்கிவிட்டது என்று அந்த முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. என் மேலிருந்தும் எதுவோ இறங்கியது.

மருந்து தொடர்கிறது. குழந்தை இன்னும் வரவில்லை, வந்தால் சந்தோஷம். ஆனால் இப்போதும் தெருவில் யாராவது ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து "இன்னா போட்டுக்குது பாரு தம்பி" என்று நீட்டினால், மண் ஒட்டிய அந்த உதடு ஞாபகத்துக்கு வந்துவிடுகிறது. கடைசி வரி எனக்கே எதிரானதாக இருந்தாலும், அதையும் சத்தமாகப் படித்துவிட்டுத்தான் காகிதத்தை மடிக்கிறேன்.