வலப்பக்கத்து வெயில்

இன்பசேகரனுக்கு மங்கு, அந்தக் கருந்திட்டு, விழுந்தது வலது கன்னத்தில் மட்டும்தான். இடது கன்னம் கல்யாண ஆல்பத்தில் இருந்த மாதிரியே இருந்தது. காரணம் கண்டுபிடிக்கப் பெரிய படிப்பெல்லாம் தேவையில்லை. காலையில் ஒடுகத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் பெண்களை ஏற்றிக்கொண்டு வடக்கே மாதனூர் பக்கத்து ஷூ கம்பெனிக்குப் போகும்போது வெயில் டிரைவர் ஜன்னல் வழியாக வரும். சாயங்காலம் அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்து விடும்போது, சொல்லிவைத்தாற்போல் அதே ஜன்னல். வருஷக்கணக்கில் ஒரே கன்னத்தைக் காட்டினால் அது என்னதான் செய்யும்?

வேலூரில் தோல் டாக்டரம்மா விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு டியூப் எழுதிக் கொடுத்தார். "கண்ணாடிய ஏத்தி வுட்டா மட்டும் பத்தாது, வெயில் அதுலயும் பூந்து வரும். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி, சாயங்காலம் டிரிப்புக்கு முன்னாடி, ரெண்டு வாட்டியும் நல்லா தடவுங்க. இது வெளுக்கிறதுக்கு இல்ல, இன்னும் கருக்காம இருக்கிறதுக்கு."

தடவலாம்தான். ஆனால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு தடவுவது? பவுடர் கொஞ்சம் தூக்கலாகப் பூசிக்கொண்டு எந்தப் பெண் ஏறினாலும், "இன்னாம்மா, மைதா மூட்டைல வுழுந்து எழுந்து வர்றியா?" என்று பஸ்ஸே அதிரக் கேட்டுச் சிரிக்கிற ஆள் அவன். அவனுக்குப் போய் மங்கு, அதுவும் பொம்பளைங்களுக்கு வருகிற மங்கு என்று ஊரே நினைக்கிற சமாசாரம். மானம் போய்விடாதா? அதனால் டியூபைக் கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றி சீட்டுக்கு அடியில் வைத்தான். வண்டி காலியாக இருக்கும்போது, திருட்டு பீடி குடிப்பவன்போல் அக்கம்பக்கம் பார்த்து அவசரமாகத் தடவிக்கொள்வான்.

ஒரு சாயங்காலம் ரோட்டில் ஆடு ஒன்று குறுக்கே வந்தது. இன்பசேகரன் பிரேக் போட்டு, அது போனதும் வெடுக்கென்று வண்டியை எடுத்தான். சீட்டுக்கு அடியிலிருந்து துணி அவிழ்ந்து, டியூப் உருண்டு நடுபஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. எடுத்தவள் பாக்யலட்சுமி. அந்த பஸ்ஸுக்கே வாய் அவள்தான்.

"யார்துடி இது? மூஞ்சிக்குப் பூசறது மாதிரி இருக்குது! அண்ணா, யார்துன்னு தெரியுமா?"

"என்து" என்று ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாய் வேறொன்றைச் சொன்னது.

"எனக்கின்னா தெரியும்? கருப்பா இருக்கறவங்க யாருனா வெச்சிருப்பாங்க."

பஸ்ஸில் இருந்த அத்தனை தலைகளும் ஜெயபுஷ்பத்தின் பக்கம் திரும்பின. தையல் செக்‌ஷன் பெண், நல்ல கருப்பு. டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்து, யார் வம்புக்கும் போகாமல் வந்துபோகிறவள்.

"பூசினா வெளுத்துடுவியாடி?" என்றது ஒரு குரல். "நம்ம வெள்ளைக்காரி!" என்றது இன்னொன்று. பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது. ஜெயபுஷ்பம் எழுந்து போய்க் கையை நீட்டினாள்.

"என்துதான். குடு."

சிரிப்பு இரட்டிப்பானது. அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று இன்பசேகரனுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து, பின்னால் இருப்பவர்களைக் காட்டும் மேல்கண்ணாடியைப் பார்க்கவும் தைரியம் வரவில்லை.

அவள் இறங்கும் நிறுத்தம் வந்தது. படிக்குப் போகிற வழியில் டியூபை அவன் முன்னால் வைத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "காதாண்ட வெள்ளையா ஒட்டினு இருக்குது. தொடச்சிக்கோங்கண்ணா."

அன்று ராத்திரி சோற்றுத் தட்டுக்கு முன்னால்தான் அவனுக்கு உறைத்தது. தெரிந்தே காப்பாற்றியிருக்கிறாள். அவனோ தன் மானத்துக்கு அவள் மானத்தை விற்றுவிட்டான். இருபது பெண்கள் சிரிப்பார்களே என்று பயந்து, அந்தச் சிரிப்பை அப்படியே அவள் தலையில் கொட்டிவிட்டான். நாளைக்கு எல்லார் முன்னாலும் சொல்லிவிடுவது, அவர்கள் எப்படி வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தான்.

மறுநாள் ஜெயபுஷ்பம் ஏறும்போதே, "வெள்ளைக்காரிக்கு எடம் வுடுங்கடி" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது. அவள் வழக்கமான சீட்டில் உட்கார்ந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்பசேகரன் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு எழுந்தான். டியூபைப் பிதுக்கி, எல்லோரும் பார்க்க வலது கன்னம் முழுக்கப் பூசினான்.

"நேத்து நான் பொய் சொன்னேன். இது என்து. எனக்குத்தான் மங்கு, டாக்டர் எழுதிக் குடுத்தாங்க. இந்தப் பொண்ணு மேல அநியாயமா பழிய போட்டுட்டேன்."

பாக்யலட்சுமி கைதட்டினாள்.

"பாத்தீங்களாடி! அவ மனசு நொந்து போவக் கூடாதுன்னு அண்ணா தன் மூஞ்சில எடுத்துப் பூசிக்கினாரு!"

"இல்லம்மா, நெசமாத்தான் சொல்றேன்..."

"சும்மா இருங்கண்ணா! நேத்து அவளே என்துன்னு வாங்கிக்கினாளே. உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா?"

"தங்கமான மனுஷன்டி" என்றாள் ஒருத்தி. பஸ் முழுக்கக் கைதட்டியது. கிண்டலுக்குத் தயாராகி வந்தவன், பாராட்டுக்கு நடுவில் பாதி வெள்ளை மூஞ்சியோடு நின்றான். நேற்றைக்குக்கூட அவனுக்கு இவ்வளவு அவமானமாக இல்லை.

"நீயாச்சும் சொல்லும்மா" என்று ஜெயபுஷ்பத்திடம் கெஞ்சினான்.

அவள் ஜன்னலிலிருந்து திரும்பி அவனை நேராகப் பார்த்தாள்.

"நேத்து சொல்லியிருக்கலாம்ணா. வண்டிய எடுங்க, லேட்டாவுது."