பெயரை மட்டும் அடித்தால் போதும்

நேற்று எங்கள் பீளமேட்டு அலுவலகத்தில் கோகுல் ஒரு கேம் சர்வர் போட்டிருந்தான். மதிய இடைவேளையில் எல்லாரும் சேர்ந்து விளையாடவாம். “நம்பரெல்லாம் வேண்டாமுங்கண்ணா, பேர மட்டும் அடிச்சாப் போதும். டிஎன்எஸ் பாத்துக்கும்” என்றான். சிறுவாணித் தண்ணீரை இவன்தான் கோவைக்குக் கொண்டுவந்ததுபோல ஓர் அலட்டல். போடா மடையா என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்த மடத்தனத்தில் நான் அவனுக்குப் பல வருடம் சீனியர்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே பீளமேட்டில் ஓர் அறையில் ஆறு பேர் குப்பை கொட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் கேம் சர்வர் கருமத்தம்பட்டியில், நண்பன் சிவா வீட்டுப் பழைய கம்ப்யூட்டரில் ஓடியது. கரண்ட் போய் வந்தால் அந்த வீட்டு இன்டர்நெட் எண் மாறிவிடும். புது எண் தெரியாமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. அப்போதெல்லாம் கரண்ட் போகாத நாள் ஏது? கரண்ட் வந்ததும் சிவா வீட்டு விசைத்தறியை ஓட்டிவிட ஓடுவான். புது எண்ணைப் பார்த்து எனக்குப் போனில் சொல்வது அவன் தங்கை மலர்விழியின் வேலை.

“ஏனுங்க, எழுதிக்கறீங்களா? நூத்திப் பதினேழுங்க... புள்ளிங்க...”

எண்ணுக்கு ஒரு ‘ங்க’, புள்ளிக்கு ஒரு ‘ங்க’. கடைசியில் வாலாக வரும் போர்ட் எண்ணுக்கும் உண்டு. நான் வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாக எழுதிக்கொண்டு மறுபடி சொல்லச் சொல்வேன். எண் முடிந்தபின் அங்கே மழையா, காலேஜ் பஸ் ஏன் லேட் என்று பேச்சு நீளும். பின்னால் ஐந்து பேர் நம்பர் வந்ததா இல்லையா என்று கத்திக்கொண்டிருப்பார்கள். அவள் ஒருமுறைகூட என்னை அண்ணா என்று கூப்பிட்டதில்லை. அதை நான் கவனித்து வைத்திருந்தேன்.

அவளிடம் என் மூளையைக் காட்ட வேண்டாமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவா வீட்டுக்கு பஸ் பிடித்துப் போனேன். ஒரு பெயரைப் பதிவுசெய்து, எந்தப் பெயருக்கு எந்த எண் என்று இன்டர்நெட்டுக்குச் சொல்லும் டிஎன்எஸ் பட்டியலில் எண் மாறும்போதெல்லாம் தானாகத் திருத்தும்படி புரோகிராம் எழுதி, போர்ட் எண்ணையும் அங்கேயே சேர்த்துவைத்தேன். அவளைக் கூப்பிட்டு, மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டும் காட்டினேன்.

“அப்ப இனி நான் போன் பண்ண வேண்டியதில்லைங்களா?”

“வேண்டவே வேண்டாமுங்க. உங்களுக்கு எதுக்குச் சிரமம்?”

திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “செரிங்க” என்று உள்ளே போய்விட்டாள். அசந்துபோய்விட்டாள் என்று நினைத்தேன். எருமை மாட்டுக்குக்கூட என்னைவிடப் புத்தி இருந்திருக்கும்.

அதற்குப்பின் போன் வரவில்லை. நானாகக் கூப்பிடலாமென்றால் என்ன கேட்பது? இருந்த ஒரே சாக்கையும் நானே ஒழித்துக்கட்டிவிட்டேனே! சர்வர் அறுபடும்போதெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அந்தப் பாழாய்ப்போன புரோகிராம் ஒரு தடவையாவது சொதப்பட்டும் என்று வேண்டிக்கொள்வேன். நண்பர்கள் பெயரை அடித்து உள்ளே போய் விளையாடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வருடம் அவள் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மேடையில் என்னைப் பார்த்ததும் சிரித்த முகத்தோடு “வாங்கண்ணா” என்றாள்.

இப்போது அந்தக் கரண்ட் கட் இல்லை, சர்வர் இல்லை, புள்ளிக்கு ‘ங்க’ போடும் குரலும் இல்லை. இத்தனை வருடத்தில் நான் எழுதிக்கொடுத்த புரோகிராம்களில் மூக்கைச் சிந்தாதது ஒன்றுகூடக் கிடையாது. அது ஒன்று மட்டும் கடைசிவரை ஒருநாள்கூடச் சொதப்பவில்லை.