இரண்டு பேருக்குக் குறையாத சோறு

ஞாயிற்றுக்கிழமை மதியம் சோறு சாப்பிடாத ஆளை இந்தக் கடற்கரைப் பக்கத்து ஜனங்கள் காய்ச்சலில் கிடக்கிறார் என்றுதான் நினைப்பார்கள். மற்ற ஆறு நாளும் எதைத் தின்றாலும் யாரும் கேட்கமாட்டார்கள். ஞாயிறு என்றால் அகலமான இரும்புச் சட்டி, அதில் இறாலும் கணவாயும் போட்டு மஞ்சளாக வெந்த சோறு, சுற்றி உட்கார நாலு பேர். அந்த நாலு பேரில்தான் நியெவெஸுக்குச் சிக்கல்.

நியெவெஸுக்கு அறுபத்தேழு வயது. அல்சீரா என்ற ஊரில் ஆரஞ்சுக் கிடங்கு ஒன்றில் முப்பத்துநாலு வருடம் பழம் தரம் பிரித்தவள். எதிரே பட்டையில் ஓடிவரும் பழத்தைப் பார்த்த மாத்திரத்தில் இது கப்பலுக்கு, இது சாறு பிழிய, இது குப்பைக்கு என்று சொல்லிவிடுவாள். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. நவம்பரில் சீசன் வரும், மே மாதம் போகும், வயதும் கூடவே போய்விட்டது. வந்த இரண்டு வரன்களையும் பழம் பார்க்கிற கண்ணால் பார்த்துத் தொலைத்தாள் என்று அக்கா மிலா திட்டுவாள். திட்டினாலும் ஞாயிறு தவறாமல் சாப்பிடக் கூப்பிடுவாள். மிலா, அவள் புருஷன், மூன்று பிள்ளைகள், நியெவெஸ். ஆறு கரண்டி, ஒரே சட்டி. தட்டில் பரிமாறுவதெல்லாம் விருந்தாளிக்குத்தான். வீட்டு மனிதர்கள் சட்டியிலிருந்தே எடுத்து, அவரவர் எதிரில் உள்ள பங்கை நடுவரைக்கும் தின்று நிறுத்திக்கொள்வார்கள். அடுத்தவர் பங்கில் கரண்டி போட்டால் மிலா விரலிலேயே ஒன்று வைப்பாள்.

போன வருடம் பிப்ரவரியில் மிலா போய்ச் சேர்ந்தாள். அத்தானை மூத்த மகன் தூரத்துச் சரகோசா நகரத்துக்குக் கூட்டிப்போனான். வீடு கைமாறியது. நீங்களும் வாங்க சித்தி என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்கமாட்டாள். ஆனால் சொல்லியிருக்கலாம்.

சின்னச் சட்டி ஒன்று வாங்கித் தனக்கென்று சமைத்துப் பார்த்தாள். அடுப்படியில் நின்றபடியே நாலு வாய் தின்றுவிட்டு மீதியைக் கொட்டினாள். அடுத்த ஞாயிறு குளித்து, முத்துத் தோடு போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். தெரிந்த முகம் எதுவும் கண்ணில் படக்கூடாதென்று கடலோர ஊரான குல்லேரா வரை வந்து, கடலைப் பார்த்த நெலோவின் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தாள்.

அங்கே பரிமாறுகிற சிமோவுக்கு ஐம்பது வயதிருக்கும். பெண் என்று யார் வந்தாலும் அவனுக்கு மகாராணிதான்.

“என்ன மகாராணி, தனியாவா? கணவா வறுவல் சூடா இருக்கு, கொண்டாரவா?”

“சோறு வேணும்.”

“ரெண்டு பேருக்குக் குறைஞ்சு சோத்துச் சட்டியை அடுப்புல ஏத்த மாட்டாங்களே. நெலோவைப் பெத்தவளே வந்து கேட்டாலும் இதே பதில்தான்.”

அப்போதுதான் அந்தப் பொய் வாயிலிருந்து விழுந்தது. “எங்கக்கா வந்துட்டிருக்கா. முட்டிவலிக்காரி, மெதுவாத்தான் நடப்பா.”

செத்தவளை நடக்கவிட்டோமே என்று அவளுக்கே திக்கென்றது. அதற்குள் சிமோ இரண்டு கரண்டி வைத்துவிட்டுப் போயிருந்தான்.

அன்றிலிருந்து ஒரு ஞாயிறு தப்பாது. ஜன்னலோர மேசை, எதிரே காலி நாற்காலி. கதவு திறக்கும்போதெல்லாம் திரும்பிப் பார்ப்பாள். சட்டி வரும். தன் பாதியை நடுவரைக்கும் தின்று கரண்டியை வைத்துவிடுவாள். மறு பாதி, அடியில் மொறுமொறுப்பான காந்தலோடு, ஆறிப் போகும். “அக்காவுக்கு இன்னிக்கும் முட்டியா?” என்பான் சிமோ. “பாழாப்போன முட்டி” என்பாள் இவள். ஐயோ பாவம் தனியாள் என்று ஒருத்தரும் தன்னைப் பார்த்துவிடக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, கடை நிரம்பி வழிந்தது. எழுபதை ஒட்டிய ஒரு மனிதர், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் தொப்பியுமாக, வாசலில் நின்று சிமோவிடம் ஏதோ கேட்டார். சிமோ உதட்டைப் பிதுக்கினான். பிறகு நேரே நியெவெஸிடம் வந்து குனிந்தான்.

“மகாராணி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்கக் கூடாது. அந்த ஐயாவும் ஒத்த ஆளு, சோறு கேக்கறாரு. உங்க சட்டியில பாதி எப்பவும் மிச்சம்தானே. அக்கா வரலைன்னா இங்க உக்கார வைக்கட்டா?”

அந்த மனிதர் அங்கிருந்தே தலையை லேசாக அசைத்தார். நல்ல முகம். சட்டைக் காலரில் ஒரு பொத்தான் வேறு நிற நூலில் தைத்திருந்தது. தானே தைத்துக்கொண்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சரி என்றால் அக்கா வரமாட்டாள் என்றாகிவிடும். இத்தனை ஞாயிறும் வரவில்லை என்றாகிவிடும்.

“எங்கக்கா பாதி வழி வந்துட்டா” என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.

“மன்னிக்கணும்மா, தெரியாம கேட்டுட்டோம்” என்று அந்த மனிதர் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். பத்து நிமிடம் கழித்து ஜன்னல் வழியே பார்த்தால், கடற்கரை பெஞ்சில் உட்கார்ந்து, வறுத்த கணவாயை ரொட்டிக்குள் வைத்துத் தின்றுகொண்டிருந்தார். எண்ணெய் சட்டையில் சொட்டாமலிருக்க முன்னால் குனிந்து தின்றார். நியெவெஸால் அன்று தன் பாதியைக்கூட முடிக்க முடியவில்லை.

வாரம் முழுக்க அவள் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். உனக்கு என்னடி அவ்வளவு திமிர், யாருக்காக இந்த வேஷம்? வெள்ளிக்கிழமைக்குள் முடிவெடுத்துவிட்டாள். ஞாயிறு பஸ்ஸில் வரும்போதே வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எனக்கு யாரும் இல்லை சிமோ, அவர் வந்தால் என் மேசைக்கு அனுப்பு. இரண்டே வாக்கியம்.

அவர் அவளுக்கு முன்பே வந்திருந்தார். சுவரோர மேசையில், எதிரே காலி நாற்காலியோடு. மேசைமேல் இரண்டு கரண்டி.

“அவரு வீட்டுக்காரம்மா வண்டியை நிறுத்த எடம் தேடிட்டிருக்காங்களாம்” என்றான் சிமோ. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. எத்தனை அக்காக்களை, எத்தனை வீட்டுக்காரம்மாக்களைப் பார்த்தவனோ.

நியெவெஸ் உட்காரவில்லை. நேரே அவர் மேசைக்குப் போய் நின்றாள்.

“ஐயா, போன வாரம் நான் சொன்னது பொய். எனக்கு யாரும் வரலை. எங்கக்கா செத்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. உங்களுக்குச் சம்மதம்னா, ரெண்டு பேரும் ஒரே சட்டியில சாப்பிடலாம்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். காது வரைக்கும் சிவந்துபோனார். அவர் கண் ஒரு கணம் எதிர் நாற்காலிக்குப் போனது. உட்காருங்க என்று சொல்லப்போகிறார் என்றே நியெவெஸ் நினைத்தாள்.

“ரொம்ப சந்தோஷம்மா. ஆனா என் வீட்டுக்காரி வந்துட்டிருக்கா” என்றார். குரல் கொஞ்சம் பலமாகவே வந்தது. “இன்னிக்குப் பாருங்க, வண்டி நிறுத்த எடமே இல்லை.”

அந்தப் பலத்தை அவளுக்குத் தெரியும். போன ஞாயிறு அதே பலத்தோடு கத்தியவள்தானே. கோபம் வரவில்லை. தனக்காகக்கூட இவ்வளவு துக்கப்பட்டதில்லை, அவருக்காகத் துக்கப்பட்டாள்.

“ஆமாங்க, ஞாயித்துக்கிழமைன்னா எடம் கெடைக்காதுதான்” என்றாள். “மெதுவா வரட்டும்.”

தன் மேசைக்குத் திரும்பினாள். சற்று நேரத்தில் சிமோ கைக்கொன்றாக இரண்டு சட்டிகளைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஒன்றை அவர் முன்னும் ஒன்றை இவள் முன்னும் வைத்தான். கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கரண்டியை வைத்துவிட்டு வாசலைப் பார்த்தார். பிறகு ஓரக்கண்ணால் நியெவெஸைப் பார்த்தார். ஒரு வாய், ஒரு பார்வை. இவள் பார்க்கிறவரைக்கும் அவர் வாசலைப் பார்த்தே ஆகவேண்டும். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

நியெவெஸ் எழுந்து, தன் நாற்காலியைக் கடல் பக்கமாகத் திருப்பிப் போட்டு, அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டாள்.