பன்னிரண்டு மாத்திரைகள்

1962 ஜூலை 9, திங்கட்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். ஆறே முக்காலுக்குக் காபி. ஏழு முதல் ஏழரை வரை அல்சூர் ஏரிக்கரையில் நடை. எட்டு மணிக்கு இரண்டு இட்லி. எட்டேகாலுக்கு மனைவி என் உள்ளங்கையில் மாத்திரையை வைத்தாள். அதை வாயில் போட்டு, நாக்குக்கு அடியில் ஒதுக்கி, தண்ணீர் குடித்தேன். அவள் சமையலறைக்குள் திரும்பியதும் எடுத்துத் துடைத்து மேஜை இழுப்பறையில் இருந்த உறைக்குள் போட்டேன். பிறகு மருந்துக் கணக்குத் தாளில் அன்றைய காலைக் கட்டத்தில் 'சாப்பிட்டது' என்று குறியிட்டேன்.

அந்த உறையில் அது பன்னிரண்டாவது.

எனக்கு அப்போது நாற்பத்தாறு வயது. அரசு அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் வேலை. பிப்ரவரி மாதத்திலிருந்து எனக்குள் ஏதோ நின்றுபோயிருந்தது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வரும். மார்பில் ஈரச் சாக்கைப் போட்டதுபோல் இருக்கும். ஒரே காகிதத்தை நான்கு முறை படித்தும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. துக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. துக்கப்பட ஒரு காரணமும் இல்லை. மே மாதம் விடுப்பு எடுத்தேன். விண்ணப்பத்தில் வயிற்றுக் கோளாறு என்று எழுதினேன். பார்க்க வந்த சக ஊழியர் ஒருவர், "என்ன ஸார், வயித்து வலிக்கு ரெண்டு மாசமா? உள்ள என்ன கோலார் தங்கச் சுரங்கமா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

மனைவிதான் மனநோய் டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழில் பேசினார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று, பசிக்கிறதா என்று கேட்பது போலவே கேட்டார். சில நாட்களில் தோன்றுகிறது என்றேன். அதற்கு முன் ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி கைப்பையின் வாரை இறுக்கிப் பிடித்தாள்.

"இது புது மருந்து," என்றார் டாக்டர். "முதல்ல தொந்தரவுதான் வரும். வாய் காயும், மலம் கட்டும், வேர்க்கும், சட்டுனு எழுந்தா தலை சுத்தும். நல்லது அப்புறந்தான். ரெண்டு மூணு வாரம் ஆகும், சிலருக்கு இன்னும் கொஞ்சம். நீங்களா நிறுத்தாதீங்க. மாத்திரை வீட்டம்மா கையில இருக்கட்டும். மறுபடி ஜூலை பன்னெண்டாம் தேதி வாங்க."

வீட்டுக்கு வந்ததும் ஒரு முழுத்தாளில் கட்டம் போட்டேன். மூன்று வேளை மாத்திரை, தூங்கிய நேரம், வாய் வறட்சி, மலம், தலைசுற்றல், மனநிலைக்குப் பத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண். தாளின் தலையில் 'பலன் எதிர்பார்க்கும் காலம்: 14 நாள்' என்று எழுதினேன். டாக்டர் சொன்ன மூன்று வாரத்தையும், 'இன்னும் கொஞ்சம்' என்றதையும் எழுதவில்லை. கெடு என்றால் ஒரு தேதி இருக்க வேண்டும் என்று பழகியவன் நான்.

சொன்ன தொந்தரவுகள் ஒன்றுவிடாமல் வந்தன. நாக்கு அட்டைபோல் ஆயிற்று. மனநிலை மதிப்பெண் மட்டும் இரண்டு, இரண்டு, மூன்று, இரண்டு என்று போயிற்று. ஜூன் 21 வியாழக்கிழமை மாத்திரை ஆரம்பித்தது. ஜூலை 4 புதனோடு பதினான்கு நாள் முடிந்தது. மறுநாள் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுத் தாளைக் கூட்டிப் பார்த்தேன். முதல் வாரச் சராசரியும் இரண்டாம் வாரச் சராசரியும் ஒன்றாகவே இருந்தன. மருந்து தோற்றது என்று முடிவு செய்தேன். மதியத்திலிருந்து விழுங்கவில்லை.

அதே மருந்தை மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டு, ஏழாவது வாரத்தில் ஒரு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தேன் என்பதை இப்போது எழுத முடிகிறது. அன்று அது தெரியாது.

மாத்திரைகளை எறிந்திருக்கலாம். எங்கள் பிரிவில் ஒரு துண்டுக் காகிதத்தைக்கூட உத்தரவு இல்லாமல் அழிக்க மாட்டோம். அந்தப் பழக்கத்தில்தான் உறையில் போட்டு, மேலே தேதியும் எண்ணிக்கையும் எழுதி வந்தேன். கட்டத்தை வெறுமையாக விட மனம் வராமல் பொய்க் குறியும் போட்டேன். இருபது வருடமாகக் குறிப்பு எழுதுகிறேன். பொய் எழுதியது அந்த ஐந்து நாள்தான்.

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவள் கத்தரிக்கோல் தேடி இழுப்பறையைத் திறந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். உறையை எடுத்து வந்து என் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது என்னங்க?"

"மாத்திரை."

"அது தெரியுது. பன்னெண்டுன்னு எழுதி வேற வெச்சிருக்கீங்க. எதுக்கு?"

"பலன் இல்ல. நிறுத்திட்டேன். டாக்டர்கிட்ட திருப்பிக் குடுக்கலாம்னு."

"என்னைப் பாத்துச் சொல்லுங்க. வேற எதுக்காவது சேர்த்து வெச்சீங்களா?"

அவள் கேட்டது புரிய எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. உடனே 'இல்லை' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை.

"போட ஆரம்பிச்சப்ப இல்ல," என்றேன். "நேத்து சாயங்காலம் எடுத்து எண்ணிப் பாத்தேன். மேலயே எழுதியிருக்கு, எண்ண வேண்டிய அவசியமே இல்ல. ஆனா ரெண்டு தரம் எண்ணினேன்."

அவள் அழவில்லை. உறையை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பலன் இல்லன்னு யாரு சொன்னது?"

"தாளைப் பாரு."

"உங்க தாளை நீங்களே வெச்சுக்குங்க. போன திங்கக்கிழமை சாப்பிடறப்ப ரசத்துல உப்பு இல்லன்னு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா?"

"இருக்கலாம்."

"நாலு மாசமா மண்ணை வெச்சாலும் தின்னுட்டு எழுந்து போனீங்க. அன்னைக்குத்தான் ஒரு குறை சொன்னீங்க. எனக்கு ஏதோ பெரிய பட்டம் குடுத்த மாதிரி இருந்துச்சு. அதை எந்தக் கட்டத்துல எழுதுனீங்க?"

தாளில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

"வியாழக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். நாளைக்கே போலாம்," என்றாள். "இந்தத் தாளை மட்டும் பாத்தா அவரு என்ன நினைப்பாரு? ஒழுங்காச் சாப்பிட்டும் குணமாகலன்னு வேற வைத்தியம் எழுதிடுவாரு. அப்புறம் நான் யாரைப் போய்க் கேக்கறது?"

"நீயே சொல்லிடேன்."

"நான் ஏங்க சொல்லணும்? முழுங்காதது நானா?"

அன்று பகல் முழுவதும் அவள் என்னைவிட்டு அதிக தூரம் போகவில்லை. முருங்கைக்கீரையைக்கூட நான் இருந்த அறைக்கே கொண்டுவந்து ஆய்ந்தாள். எனக்கு எரிச்சல் வந்தது. அதோடு பல நாட்களில் முதல் முறையாகத் தனியாக இல்லை என்றும் தோன்றியது. சாயங்காலம், விட்ட மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டேன். டாக்டரைக் கேட்காமல் எதுவும் கிடையாது என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை, விடிந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய் வரிசையில் முதல் ஆளாக நின்றோம். டாக்டர் உள்ளே கூப்பிட்டதும் தாளை அவர் மேஜையில் வைத்தேன். உட்காருவதற்கு முன்பே, "கடைசி அஞ்சு நாள் எழுதினது பொய் டாக்டர்," என்றேன்.