தூதரின் ரோஜா சென்ட்

ரோஜா வாசம் பட்டாலே எனக்குக் குமட்டும். கல்யாண வீட்டு வாசலில் பன்னீர்ச் செம்போடு யாராவது நின்றால் சுற்றிக்கொண்டு பின்வாசலுக்குப் போய்விடுவேன். காரணம் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி. வளைகுடா நாடு ஒன்றில் நம் தூதராக இருந்தவரின் மேசையில், கொடிக்குப் பக்கத்தில் அது எப்போதும் இருக்கும். சம்பளம் தரவில்லை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள் என்று முறையிட வரும் கூலியாட்கள் எழுந்து கதவைத் தாண்டுவதற்குள் தூதர் அந்தப் புட்டியை எடுத்து, அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் புஸ்ஸென்று அடிப்பார். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும் என்றுதான் அடிக்கிறாரோ என்று எனக்குத் தோன்றும். வருகிறவர்களில் அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஆட்கள் நிறைய. நானும் செந்துறைக்காரன்தான். தமிழ் தெரியாத அந்தத் தூதருக்கு மொழிபெயர்ப்பது என் வேலை.

தூதரக வேலை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு என்னவோ பெரிய ராஜதந்திரம். உள்ளே இருந்தவன் சொல்கிறேன், பாதி நாள் விருந்து மேசையிலேயே போய்விடும். எந்த நாட்டுத் தூதர் யாருக்கு முன்னால் பதவியேற்றார், அவரை எங்கே உட்கார வைப்பது, அவருடைய மனைவி யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார் என்று படித்த மனிதர்கள் கூடிக்கூடிப் பேசுவார்கள். சாரத்திலிருந்து விழுந்து செத்த கொத்தனாரின் உடலை ஊருக்கு அனுப்பும் தாளில் கையெழுத்து வாங்க நான் கதவோரம் நிற்பேன். செத்தவனுக்கு என்ன அவசரம் என்று தூதர் சிரித்துக்கொண்டே கேட்பார். கோபத்தோடு கேட்டிருந்தால்கூட மன்னித்திருப்பேன். அந்தச் சிரிப்பை இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஒரு குடியரசு நாள் விருந்தன்று மத்தியானம், வீட்டு வேலைக்கு வந்திருந்த பாடாலூர் அக்கா ஒருத்தி, தார்ச்சாலையில் செருப்பில்லாமல் ஓடி வந்து எங்கள் வாசலில் விழுந்தாள். தூதரின் அறைக்குக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைத்தேன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இஸ்திரிப் பெட்டியால் சுட்ட காயம். சுட்டது அவளுடைய முதலாளி. தூதரை அடிக்கடி தன் படகில் கடலுக்கு அழைத்துப் போகும் பெரிய வியாபாரி. அன்று மாலை முன்வரிசை விருந்தாளி. தூதர் என்னைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: விருந்து முடிந்ததும் முதலாளியின் வண்டியிலேயே இவளைத் திருப்பி அனுப்பிவிடலாம், அதுவரை சாமான் அறையில் வைத்துப் பூட்டு. சொல்லிவிட்டு நாற்காலிக்கு ரோஜா அடித்தார். அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. காயத்தில் பட்டுத் துடித்துப் போனாள்.

மொழிபெயர்ப்பதுதானே என் வேலை? ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன். "செத்தாலும் அந்த வூட்டுக்குத் திரும்பிப் போவ மாட்டேன் தம்பி" என்றாள். விருந்துக்கு யார் யார் வருவார்கள் என்று கேட்டாள். எல்லா நாட்டுத் தூதர்களும் வருவார்கள் என்றேன். சாமான் அறைக்குக் கூட்டிப்போனேன். கதவை மட்டும் பூட்டவில்லை.

சாயங்காலம் புல்வெளியில் கண்ணாடிக் கோப்பைகளோடு ஊரே கூடியிருந்தது. நாட்டுப்பண் ஒலிக்கத் தொடங்கியதும் எல்லோரும் விறைத்து நின்றார்கள். அப்போதுதான் அவள் வந்தாள். வெறுங்காலோடு புல்வெளியைக் கடந்து, மேடைக்கு நேர் முன்னால் வந்து, பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல் கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். காயம் எல்லோருக்கும் தெரிந்தது. தூதரின் கண் இங்கும் அங்கும் ஓடியது. பாட்டு முடியும்வரை உடம்பை அசைக்க முடியவில்லை. பாட்டு முடிந்ததும் வேற்று நாட்டுத் தூதரின் மனைவி ஒருவர் வந்து, யார் இந்தப் பெண் என்று கேட்டார். நம்மவர் சட்டென்று மைக்கைப் பிடித்தார். இவள் எங்கள் தேசத்தின் மகள், எங்கள் பாதுகாப்பில் இருக்கிறாள், உடனே ஊருக்கு அனுப்புகிறோம் என்று குரல் தழுதழுக்கச் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். சுட்ட முதலாளியும் தட்டினார். அக்கா ஊர் வந்து சேர்ந்தாள், அது போதும். முதலாளி மேல் ஒரு புகாரும் போகவில்லை. கடலுக்குப் படகு வழக்கம்போலப் போனது.

போன வருடம் அந்தத் தூதர் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரி விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வந்தார். ஓய்வுபெற்று ஊரில் இருந்த என்னை மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். நெடுஞ்சாலையோரம் டிபன் கடை போட்டிருக்கும் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். "கடையை மூடிட்டு வரேன் தம்பி" என்றாள்.

தூதர் மேடையில் ஏறியதும், வரவேற்றுக் கை கொடுத்த பெற்றோர்களின் முதுகுக்குப் பின்னால் புட்டியை எடுத்து உள்ளங்கையில் அடித்துக்கொண்டு, மேசையில் வைத்தார். அதே ரோஜா. பிறகு மனிதநேயம் பற்றிப் பேசினார். உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி சுட்ட கையோடு வந்தாள், விருந்து நடுவே நானே அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து உலகத்தின் முன் நிறுத்தினேன் என்றார். ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன். அரங்கம் அதிரக் கைதட்டியது. கடைசி வரிசையில் ஒருத்தி மட்டும் தட்டவில்லை.

நிறைவாக நாட்டுப்பண் ஒலித்தது. எல்லோரும் அசையாமல் நின்றோம். அக்கா நடுவழியில் நடந்து வந்தாள். படியேறி, அவருக்கு நேர் எதிரே கைகளைத் தொங்கவிட்டு நின்றாள். தழும்பு வெளிச்சத்தில் பளபளத்தது. பாட்டு முடிந்ததும் தூதர் என் பக்கம் குனிந்து, இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும், போட்டோவா என்று கேட்டார். தழும்பைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார்.

அதையும் மொழிபெயர்த்தேன்.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லுங்க தம்பி" என்றாள் அக்கா. மேசையிலிருந்த புட்டியை எடுத்தாள். இத்தனை நேரம் அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் மேல் புஸ்ஸென்று அடித்தாள். கைப்பிடியிலும் அடித்தாள். பிறகு புட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

மேடை முழுக்க ரோஜா வாசம். எனக்கு அன்றும் குமட்டத்தான் செய்தது. ஆனால் ஒதுங்கிப் போகவில்லை.